குடிநீர்த் தேக்கத்தைக் காக்க, நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு முப்பது ஆண்டுத் திட்டம் வகுப்பது எப்படி?

குடிநீர்த் தேக்கத்தின் நீர் பெரும்பாலும் அணைக்கு அருகே கெடுவதில்லை. பல கிலோமீட்டர் மேலே, உழுது திறந்து கிடக்கும் சரிவுகளிலும், மண் சாலைகளின் ஓரக் கால்வாய்களிலும், கால்நடை இறங்கி நீர் குடிக்கும் ஓடைக் கரைகளிலும் அது கெடத் தொடங்குகிறது. தேக்கத்தின் மேற்பரப்பில் பாசி படர்ந்து மக்கள் குழாய்நீரின் வாடையைப் பற்றிப் புகார் சொல்லும் நாளில், அதற்குக் காரணமான நிலங்களில், பாசியை வளர்க்கும் சத்தான பாஸ்பரஸ் பல ஆண்டுகளாகச் சேர்ந்து முடிந்திருக்கும். அந்தச் சேமிப்பு வடிந்து தீரவும் அதே அளவுக்குக் காலம் ஆகும். நீர்ப்பிடிப்புப் பகுதிக்கான, அதாவது மழைநீர் வடிந்து தேக்கத்தில் சேரும் நிலப்பரப்பு முழுவதற்குமான திட்டத்தை ஐந்து ஆண்டுகளுக்கு வகுப்பது பயனற்றது என்றும், குறைந்தது இருபது முதல் முப்பது ஆண்டுகளை மனத்தில் கொண்டே எழுத வேண்டும் என்றும் நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

சுத்திகரிப்பு நிலையம் இருக்கும்போது மேலே நடப்பதைப் பற்றி இவ்வளவு கவலை ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீர் வடிகட்டப்பட்டுக் குளோரின் கலந்தே வழங்கப்பட்டது. ஆயினும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி அந்த நீரின் வழியாகச் சுமார் 4 லட்சம் பேரை நோய்க்குள்ளாக்கியது. வழக்கமான அளவிலான குளோரினை அந்த உயிரி தாங்கி நிற்கும். 2014 ஆகஸ்டில் அதே நாட்டின் டொலீடோ நகரம், ஈரி ஏரியின் நீலப்பச்சைப் பாசி உண்டாக்கிய மைக்ரோசிஸ்டின் நஞ்சின் காரணமாக, ஏறத்தாழ மூன்று நாட்கள் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என்று மக்களுக்கு அறிவிக்க நேர்ந்தது. அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். உலக நலவாழ்வு நிறுவனம் 2004-இல் தன் குடிநீர் வழிகாட்டு நெறிகளில் நீர்ப் பாதுகாப்புத் திட்டம் என்ற முறையைச் சேர்த்தபோது, தொடக்கப் புள்ளியாகக் கொண்டது சுத்திகரிப்பு நிலையத்தை அன்று, நீர் பிறக்கும் நிலத்தையே.

எல்லையை வரைதல்

முதல் வேலை வரைபடம். சமவுயரக் கோடுகளைக் கொண்டு, எந்த மேட்டிலிருந்து விழும் மழைத்துளி தேக்கத்தை வந்தடையும் என்பதைக் குறித்து நீர்ப்பிரிமுகட்டை வரைய வேண்டும். பின்னர் அந்தப் பரப்பை, தேக்கத்தில் வந்து சேரும் ஒவ்வொரு ஓடைக்கும் உரிய துணைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். கணினியில் உயரத் தரவை ஏற்றினால் இந்த எல்லைகள் சில மணி நேரத்தில் கிடைத்துவிடும். ஆனாலும் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் நேரில் நடந்து பார்க்காமல் யாரும் ஒப்புதல் அளிக்கக் கூடாது. சாலை மேடுகள், சாலைக்கு அடியில் செல்லும் குழாய்கள், மழைநீர் வடிகால்கள், பழைய பாசனக் கால்வாய்கள் ஆகியவை நீரை இயற்கை முகட்டைத் தாண்டியும் கொண்டு வரும், வேறு பக்கம் திருப்பியும் விடும். இவை உயரத் தரவில் சரியாகத் தெரிவதில்லை.

அதே வரைபடத்தில் நிலப் பயன்பாடு, மண் வகை, சரிவு, சாலைகள், கழிவுநீர் நிலையங்கள், செப்டிக் டேங்க் உள்ள வீடுகள், கால்நடைப் பண்ணைகள், எரிபொருள் சேமிப்பிடங்கள், பழைய குப்பைமேடுகள், ஓடைகளைக் கடக்கும் நெடுஞ்சாலைகள் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். இவற்றோடு நிர்வாக எல்லைகளையும் வரைவது தவறவிடக் கூடாத ஒன்றாகும். நீர்ப்பிரிமுகடு எந்த ஊராட்சியின் எல்லையையும் மதித்து ஓடுவதில்லை. தேக்கத்தை நடத்தும் அமைப்புக்கு நீர்ப்பிடிப்பு நிலத்தில் எத்தனை விழுக்காடு சொந்தம், எத்தனை விழுக்காட்டில் விதி இயற்றும் அதிகாரம் உண்டு, எஞ்சிய நிலத்தில் யாரிடம் பேச வேண்டும் என்பது தெளிவாகும் இடம் இதுதான்.

எதற்கு அஞ்ச வேண்டும் என்று வரிசைப்படுத்துதல்

குடிநீர்த் தேக்கத்துக்கு வரும் ஆபத்துகளை நான்காகப் பிரித்துப் பார்க்கலாம்: நோய்க் கிருமிகள், பாசியை வளர்க்கும் சத்துகள், வண்டல், நச்சுப் பொருள்கள். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கால அளவில் இயங்குகின்றன. கிருமி ஒரே ஒரு கனமழையில் ஊருக்குக் கேடு செய்யும். கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் கனமழைக்குப் பின் மாட்டுச் சாணத்தின் கிருமிகள் குடிநீர்க் கிணற்றில் கலந்ததால் ஏழு பேர் இறந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அந்த மாநிலம் நீர் ஆதாரங்களைக் காப்பதற்கென 2006-இல் தனிச் சட்டம் இயற்றியது அந்தத் துயரத்தின் விளைவாகவே. சத்துகள் பத்தாண்டுக் கணக்கில் வேலை செய்கின்றன. வண்டல் ஒவ்வொரு ஆண்டும் கொள்ளளவில் சிறிது தின்று, அணையின் ஆயுளையே குறைக்கிறது. எரிபொருள் லாரி ஓடைப் பாலத்தில் கவிழ்வது போன்ற நச்சு விபத்து எப்போதாவது ஒருமுறைதான் நிகழும். ஆயினும் அதற்கு விடை சில மணி நேரத்துக்குள் வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு ஆபத்துக்கும் அதன் வாய்ப்பு, விளைவு, தேக்கத்தை எட்டும் நேரம் ஆகிய மூன்றையும் எழுதி, அவற்றின்படி முன்னுரிமை தர வேண்டும். காட்டுத்தீயையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கொலராடோவில் 1996-இலும் 2002-இலும் ஏற்பட்ட பெருந்தீக்களுக்குப் பின், டென்வர் நகருக்கு நீர் தரும் ஸ்ட்ரான்சியா ஸ்பிரிங்ஸ் தேக்கத்தில் எரிந்த மலைகளின் மண் பெருமளவில் வந்து நிரம்பியது. தீ அணைந்த பிறகுதான், அடுத்தடுத்த மழைகளில், தேக்கத்துக்குச் சேதம் வந்தது.

சுமையைக் கணக்கிடுதல்

திட்டத்தின் முதுகெலும்பு இதுவே. பல திட்டங்கள் நல்ல நோக்கங்களின் தொகுப்பாக நின்றுபோவதற்குக் காரணம் இந்தக் கணக்கு அவற்றில் இல்லாமையே. ஓடை நீரில் ஒரு பொருளின் செறிவு எவ்வளவு என்பது மட்டும் போதாது. செறிவை நீரோட்டத்தால் பெருக்கி, ஆண்டுக்கு எத்தனை கிலோ தேக்கத்துக்குள் வருகிறது என்ற சுமையைக் கண்டறிய வேண்டும்.

நன்னீர்த் தேக்கங்களில் பாசியின் வளர்ச்சியைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது பாஸ்பரஸ். கனடாவின் சோதனை ஏரிகளில் 1973-இல் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் ஓர் ஏரியை நடுவே திரையிட்டுப் பிரித்தனர். ஒரு பாதியில் கார்பனையும் நைட்ரஜனையும் மட்டும் சேர்த்தனர். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தனர். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டுமே பாசியால் பச்சையாகிப் போனது. எனவே கணக்கைப் பாஸ்பரஸிலிருந்து தொடங்குவது பொருத்தமானது.

முறை புரிவதற்காக ஒரு கற்பனைத் தேக்கத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 2 கோடி கன மீட்டர். ஆண்டு நீர்வரத்து 4 கோடி கன மீட்டர். அப்படியானால் நீர் அதில் சராசரியாக அரை ஆண்டு தங்குகிறது. முதன்மை ஓடையில் ஆண்டின் 355 நாட்கள் விநாடிக்கு அரை கன மீட்டர் நீர், லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் பாஸ்பரஸுடன் ஓடுகிறது. மீதிப் பத்து நாட்கள் வெள்ளம்: விநாடிக்கு 8 கன மீட்டர், செறிவு லிட்டருக்கு 250 மைக்ரோகிராம். பெருக்கிப் பார்த்தால், அமைதியான 355 நாட்களில் வருவது ஏறத்தாழ 307 கிலோ. பத்து வெள்ள நாட்களில் வருவது ஏறத்தாழ 1,728 கிலோ. அதாவது அந்த ஓடையின் சுமையில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு பத்தே நாட்களில் வந்து விடுகிறது. வாரம் ஒருமுறை, வழக்கமாக வெயில் நாளில், ஒரு குப்பியில் நீர் எடுத்துச் சோதிக்கும் கண்காணிப்பு இந்த உண்மையை முற்றிலும் தவறவிடக்கூடும்; பிறகு அதன்மேல் எழுப்பப்படும் திட்டமும் தவறான இடத்தில் பணத்தைக் கொட்டும்.

மற்றச் சிற்றோடைகள் தரும் 365 கிலோவையும் சேர்த்தால் மொத்தச் சுமை 2,400 கிலோ. அதை 4 கோடி கன மீட்டரால் வகுத்தால், உள்வரும் நீரின் சராசரிச் செறிவு லிட்டருக்கு 60 மைக்ரோகிராம். தேக்கத்துக்குள் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். இதை மதிப்பிட ரிச்சர்ட் வோலன்வைடர் 1970-களில் தந்த எளிய சமன்பாடு இன்றும் முதல் கணிப்புக்குப் பயன்படுகிறது. உள்வரும் செறிவை, ஒன்றோடு தங்கும் காலத்தின் (ஆண்டுகளில்) வர்க்கமூலத்தைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். அரை ஆண்டுக்கு அந்த எண் ஏறத்தாழ 1.71, எனவே தேக்க நீரில் பாஸ்பரஸ் சுமார் 35 மைக்ரோகிராம் இருக்கும். பொதுவாக 10-க்குக் கீழே இருந்தால் சத்துக் குறைந்த தெளிந்த நீர் என்றும், 35-ஐத் தாண்டினால் பாசி மிகும் நீர் என்றும் கொள்வது வழக்கம். நம் கற்பனைத் தேக்கம் அந்த விளிம்பில் நிற்கிறது.

இலக்கு 20 மைக்ரோகிராம் என்று வைத்தால், கணக்கைப் பின்னோக்கிச் செய்து ஆண்டுச் சுமை சுமார் 1,365 கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்று காணலாம். குறைக்க வேண்டியது ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல். இப்போது திட்டத்துக்கு ஓர் எண் கிடைத்துவிட்டது. எந்த யோசனை வந்தாலும், அது எத்தனை கிலோவைக் குறைக்கும், அதுவும் வெள்ள நாட்களில் குறைக்குமா என்று கேட்கலாம். அமைதியான நாட்களின் சுமை முழுவதையும் நீக்கினாலும் 307 கிலோதான் குறையும். இலக்கை எட்ட முடியாது. இந்த ஒரு கேள்வி, கூட்டங்களில் வீணாகும் எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இதற்கேற்ற அளவீட்டையும் திட்டத்தின் முதல் செலவாக வைக்க வேண்டும். முதன்மை ஓடைகளில் நீர்மட்ட அளவி, நீரோட்டக் கணிப்பு, தொடர்ந்து பதியும் கலங்கல் உணரி, நீர்மட்டம் உயரும்போது தானாக மாதிரி எடுக்கும் கருவி ஆகியவை வேண்டும். தேக்கத்தில் வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், பாஸ்பரஸ், பாசியின் அளவைக் காட்டும் பச்சை நிறமியான குளோரோஃபில் ஆகியவற்றை அளக்க வேண்டும். ஏஞ்சலோ செக்கி 1865-இல் கடலில் பயன்படுத்திய வெள்ளைத் தட்டு முறையை இவற்றோடு சேர்ப்பது நல்லது. கயிற்றில் கட்டிய தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறிப்பதற்குச் செலவே இல்லை. முப்பது ஆண்டுகள் இடைவிடாமல் எழுதப்பட்ட அத்தகைய எளிய பதிவேடு, மூன்றே ஆண்டுகள் ஓடி நின்றுபோன விலையுயர்ந்த கருவியை விட மிகுந்த பயன் தரும்.

நிலத்தில் செய்ய வேண்டியவை

மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது, நல்ல நிலையில் உள்ள காட்டையும் சதுப்பு நிலத்தையும் அப்படியே காப்பது. கெட்டதைச் சீர்செய்வதற்கு முன்னால், கெடாத துணைப் பகுதிகளைக் கண்டறிந்து அவற்றுக்குச் சட்டக் காப்பு தேடுவதே முறை. வீடுகளும் சாலைகளும் பெருகி, மழைநீர் இறங்காத கடினப் பரப்பு ஒரு துணைப் பகுதியின் பத்தில் ஒரு பங்கை எட்டும்போதே ஓடைகளின் நலம் சரியத் தொடங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த அளவுக்கு வெகு முன்பே கட்டுமான விதிகள் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும்.

ஓடைக் கரைகளில் புல்லும் மரமும் கொண்ட பாதுகாப்புப் பட்டை அமைப்பது எல்லாத் திட்டங்களிலும் இடம்பெறும். அது நல்ல முறைதான்; ஆனால் நீர் பரந்து மெல்லத் தவழ்ந்து வரும் இடங்களில் மட்டுமே அது முழுப் பயன் தரும். வயலின் நீர் ஒரு பள்ளத்தில் திரண்டு பாய்ந்து பட்டையை ஒரே இடத்தில் கிழித்துக்கொண்டு ஓடையில் விழுந்தால், மீதி நூறு மீட்டர் பட்டையும் வெறும் அழகுதான். ஆகவே முதலில் அந்த ஓடுபள்ளங்களைத் தேடி, புல்வாய்க்காலாக மாற்றியோ, சிறு தடுப்புகளைக் கட்டியோ நீரின் வேகத்தைக் குறைக்க வேண்டும். மேலும், பட்டை மண் துகளோடு ஒட்டி வரும் பாஸ்பரஸைத் தடுக்குமே தவிர, கரைந்து வருவதை அவ்வளவாகத் தடுக்காது. கரைந்து வரும் பங்கைக் குறைக்க ஒரே வழி, மண்ணில் தேவைக்கு மேல் சத்தைச் சேர்க்காதிருப்பது. மண் பரிசோதனை செய்து அளவறிந்து இடுவதும், மழை வரும் என்று தெரிந்த நாட்களிலும் நிலம் ஊறி நிற்கும் காலத்திலும் எருவையும் சாணக் கரைசலையும் பரப்பாதிருப்பதும் இதில் அடங்கும்.

ஓடைக் கரையில் வேலியிட்டு, கால்நடைகளுக்கு அதற்கு வெளியே குடிநீர்த் தொட்டி அமைத்து அவை ஓடையில் இறங்காமல் தடுப்பது, கிருமி, சத்து, கரை அரிப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே குறைக்கும் நடவடிக்கை. மலைக் காடுகளில் வண்டலின் பெரும்பங்கு பெரும்பாலும் மரங்களுக்கிடையிலிருந்து அன்றி மண் சாலைகளிலிருந்தே வருகிறது. சாலையின் ஓரக் கால்வாயை ஓடையில் நேரே கொண்டு சேர்க்காமல், இடையிடையே காட்டுத் தரையில் பிரித்து விட வேண்டும்.

செப்டிக் டேங்க்குகளைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. மேலே செய்த சுமைக் கணக்கில் அவற்றின் பங்கு சிறிதாகத் தோன்றலாம். அதனால் அவற்றைத் தள்ளி வைத்துவிடக் கூடாது. பாஸ்பரஸில் சிறியவையாக இருப்பவை மனிதக் கிருமிகளில் மிகப் பெரியவையாக இருக்கக்கூடும். தேக்கத்திலிருந்து நீர் எடுக்கும் உறிஞ்சு கோபுரத்துக்கு அருகே உள்ள, பழுதடைந்த சில தொட்டிகளை முதல் ஆண்டிலேயே சரிசெய்ய வேண்டும். ஆபத்துகளை நான்காகப் பிரித்து வரிசைப்படுத்தச் சொன்னதன் பயன் இங்கே தெரிகிறது.

மேலே வாழ்பவர்களோடு உடன்பாடு

நீர்ப்பிடிப்பில் வாழ்பவர்கள் பெரும்பாலும் அந்த நீரைக் குடிப்பதில்லை. கட்டுப்பாடு அவர்களுக்கு, பயன் கீழேயுள்ள நகரத்துக்கு என்ற நிலையில் எந்தத் திட்டமும் நெடுநாள் நிற்காது. நியூயார்க் நகரம் தன் நீரில் சுமார் 90 விழுக்காட்டைக் தொலைவில் மலைகளிலுள்ள கேட்ஸ்கில், டெலவேர் நீர்ப்பிடிப்புகளிலிருந்து வடிகட்டாமலேயே பெறுகிறது. 1990-களின் தொடக்கத்தில் நகரம் கடும் விதிகளை முன்மொழிந்தபோது மலை ஊர்கள் எதிர்த்தன. முன்பு அதே தேக்கங்களைக் கட்ட ஊர்கள் காலி செய்யப்பட்ட நினைவு அங்கே ஆறாமல் இருந்தது. 1997-இல் கையெழுத்தான உடன்பாடுதான் நிலைமையை மாற்றியது. நகரம் நிலத்தை விற்க விரும்புபவர்களிடமிருந்து மட்டுமே வாங்குவது, மேலேயுள்ள கழிவுநீர் நிலையங்களை நகரத்தின் செலவில் மேம்படுத்துவது, செப்டிக் அமைப்புகளைப் பழுதுபார்க்க உதவுவது, விவசாயிகள் தாங்களே முன்வந்து சேரும் பண்ணைத் திட்டத்துக்கு நிதி தருவது ஆகியவை அதில் இடம்பெற்றன. பண்ணைத் திட்டத்தை நடத்தும் பொறுப்பு விவசாயிகளே முன்னின்று நடத்தும் அமைப்பிடம் இருந்தது. வெற்றிக்குத் தலையாய காரணம் அதுவே என்பது என் கருத்து.

அந்த உடன்பாட்டை அப்படியே நகலெடுக்க முடியாது. எடுத்துக்கொள்ளத்தக்கது அதன் வரிசை: முதலில் பேச்சு, பிறகு பணம், அதன் பிறகு விதி. பணத்துக்கு நிலையான ஊற்று வேண்டும். ஆண்டுதோறும் மாறும் மானியத்தை நம்புவதை விட, குடிநீர்க் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை நீர்ப்பிடிப்புப் பாதுகாப்புக்கென ஒதுக்கி, வேறு எதற்கும் திருப்ப முடியாதவாறு விதி செய்வது பாதுகாப்பானது.

தேக்கத்துக்குள்ளே

வெளிச்சுமை குறைந்த பிறகும் சில ஆண்டுகள் நீர் தெளியாமல் இருக்கலாம். வெப்பக் காலத்தில் நீர் அடுக்குகளாகப் பிரியும்போது அடியடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அப்போது அடிவண்டலில் உறங்கிய பாஸ்பரஸும் இரும்பும் மாங்கனீசும் மீண்டும் நீரில் கரைகின்றன. அடியடுக்குக்கு ஆக்சிஜன் ஊட்டுவதும் வெவ்வேறு ஆழங்களில் திறப்புகள் உள்ள உறிஞ்சு கோபுரத்தைப் பயன்படுத்துவதும் இதைச் சமாளிக்க உதவும். வெளிச்சுமையைக் குறைக்காமல் இவற்றை மட்டும் செய்வது ஓயாத செலவாகவே முடியும். வண்டலுக்கு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடித்தளத்தை ஆழமளந்து கொள்ளளவு எவ்வளவு குறைந்தது என்று பதிவதே போதிய தொடக்கம்.

திட்டத்தை எழுதும் விதம்

முப்பது ஆண்டுகளில் இந்தத் திட்டத்தை எழுதியவர்கள் அனைவரும் ஓய்வு பெற்றிருப்பார்கள். ஆகவே ஆவணத்தை, எழுதியவரை அறியாத ஒருவர் கையில் எடுத்தாலும் புரியும்படி எழுத வேண்டும். எந்த எண் எங்கிருந்து வந்தது, எது அளக்கப்பட்டது, எது மதிப்பீடு, எந்த யோசனை ஏன் கைவிடப்பட்டது என்பவை அதில் இருக்க வேண்டும். கைவிட்ட யோசனைகளின் பதிவு மிக முக்கியம். அது இல்லாவிட்டால் ஒரே விவாதம் பத்தாண்டுக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்கும்.

இலக்குகளை இரு வகையாக எழுதுவது நல்லது. செயல் இலக்கு, இந்த ஆண்டில் எத்தனை கிலோமீட்டர் கரை வேலியிடப்பட்டது என்பது போன்றது. விளைவு இலக்கு, தேக்க நீரின் பாஸ்பரஸ் எவ்வளவு குறைந்தது என்பது. மண்ணில் சேர்ந்திருக்கும் சத்தின் காரணமாக இரண்டாவது, முதலாவதை விடப் பல ஆண்டுகள் பின்தங்கி வரும். இந்தத் தாமதத்தை முதல் பக்கத்திலேயே அறிவிக்காவிட்டால், ஏழாவது ஆண்டில் பலன் தெரியவில்லை என்று சொல்லி நிதியை நிறுத்திவிடுவார்கள். மழை மிகுந்த ஆண்டையும் வறண்ட ஆண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடாமல், நீரோட்டத்துக்கு ஏற்பச் சரிசெய்த போக்கைப் பார்க்க வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதிவிட வேண்டும்.

அத்துடன், முன்கூட்டியே முடிவு செய்த எச்சரிக்கை எல்லைகள் வேண்டும். எடுத்துக்காட்டாக, கோடைச் சராசரிப் பாஸ்பரஸ் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் குறித்த அளவைத் தாண்டினால் அடுத்த கட்ட நடவடிக்கை தானாகத் தொடங்கும். ஓடையின் கலங்கல் ஓர் அளவை எட்டினால் நீர் எடுக்கும் ஆழம் மாற்றப்படும். பாலத்தில் விபத்து என்ற அழைப்பு வந்தால் இன்னார் இந்த மதகை மூடுவார் என்பன போன்றவை. எல்லையும் பொறுப்பாளரின் பதவியும் ஒரே வரியில் இருக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை அளவீடுகளை எல்லோரும் படிக்கும் மொழியில் வெளியிட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சுமைக் கணக்கு முழுவதையும் புதிய தரவுகளைக் கொண்டு மீண்டும் செய்ய வேண்டும். அந்த மறுகணக்கில் மழைப்பொழிவின் மாற்றத்தைத் தனியே ஆராய்வது இனித் தவிர்க்க முடியாதது. நம் கற்பனை ஓடையில் வெள்ள நாட்கள் பத்திலிருந்து பதினான்காக உயர்ந்தால், மேலே யாரும் ஒரு பிடி உரம்கூட அதிகம் போடாமலேயே சுமை ஏறத்தாழ 690 கிலோ கூடிவிடும். முதல் ஐந்தாண்டில் மிச்சப்படுத்தியதை எல்லாம் அந்த நான்கு நாட்கள் விழுங்கிவிடக்கூடும். அப்படி நேர்ந்தால் மாற்ற வேண்டியது இலக்கை அன்று. ஓடுபள்ளத் தடுப்புகளின் எண்ணிக்கையையும் அவை தாங்கும் நீரின் அளவையும்தான்.